மண்டியை மூடாமல் சர்வரைப் பிரிப்பது

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து மூட்டைகள் வந்து இறங்கும், தராசில் ஏறும். விலை முடிந்த அடுத்த நிமிடம் எடை, விலை, கமிஷன், முன்பணப் பிடித்தம் எல்லாம் போட்ட சீட்டு விவசாயியின் கைக்கு வர வேண்டும். சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் மல்லி, முகூர்த்தத்தை ஒட்டி ஆயிரங்களைத் தொடும். அன்றைக்குப் பார்த்து சீட்டுப் போடும் கணினி அரை மணி நேரம் நின்றால் பூவும் காத்திருக்காது, வெளியூர் பஸ்ஸும் காத்திருக்காது.

இப்படி முப்பது கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒரு பழைய வலைச்செயலியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5-ஆம் பதிப்பில் எழுதியது. 4 ஜிபி ரேம் உள்ள ஒரே ஒரு வாடகை சர்வர். வலைப்பக்கங்களைக் கொடுக்கும் அப்பாச்சி, தரவைக் காக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், சீட்டுகளின் பிடிஎஃப் கோப்புகள், குறித்த நேரத்தில் தானே ஓடி இரவுக் கணக்கை முடிக்கும் கிரான் வேலை என்று எல்லாமே அதற்குள்தான். பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன. அந்தக் காலத்து கோடு (நிரல்) பயன்படுத்திய பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-இல் அறவே இல்லை. ஆக, புதிய பதிப்புக்கு ஏற்றவும் முடியாது, அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. ஒரே சர்வரில் குவிந்திருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனியே பிரிப்பதுதான் வழி.

நெரிசல் நேரத்தில் அது ஏன் விழுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். இயங்குதளமும் மைஎஸ்க்யூஎல்லும் சேர்ந்து 1.5 ஜிபி எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 2.5 ஜிபி. பிஎச்பியைச் சுமக்கும் ஒரு அப்பாச்சி ஒர்க்கருக்கு (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் புராசஸ்) ஏறக்குறைய 50 எம்பி என்றால், ஐம்பது ஒர்க்கர்தான் தாங்கும். ஆனால் இப்படி ஒர்க்கர்களைத் தனித்தனிப் புராசஸாக ஓட்டும் ப்ரீஃபோர்க் முறையில் அப்பாச்சி தானாக வைத்திருக்கும் உச்சவரம்பு 256. நெரிசலில் எண்பது, நூறு என்று ஒர்க்கர் ஏறும்போது ரேம் தீர்ந்து டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். அதுவும் தீர்ந்தால் லினக்ஸ் கர்னல் அதிக நினைவகம் பிடித்திருக்கும் புராசஸைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அது மைஎஸ்க்யூஎல்தான். கடைக்காரருக்குத் தெரிவதோ வெள்ளைத் திரை மட்டும். அந்த உச்சவரம்பை 45-க்கு இறக்கி வைத்தால் 46-வது ஆள் சில விநாடி காத்திருப்பார், சர்வர் விழாது. ஒரே வரி மாற்றம். பிரிக்கும் வேலையைத் தொடங்கும் முன்னால் இதைச் செய்துவிட வேண்டும்.

பெரிய சர்வர் வாங்குவதும் தப்பில்லை. 8 ஜிபிக்கு மாறினால் ஆறு மாத அவகாசம் கிடைக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். மொத்தத்தையும் புதிதாக எழுதிவிடலாம் என்ற யோசனைதான் ஆபத்து. பழைய கோடில் பத்து வருட வழக்கங்கள் படிந்து கிடக்கின்றன: ஈரச் சாக்குக்கு எவ்வளவு எடை கழிப்பது, ஒரே விவசாயி இரண்டு கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் யாருக்கு முதலில் பிடிப்பது, கடைசிப் பத்துப் பைசாவை எந்தப் பக்கம் தள்ளுவது. இவை எந்தக் காகிதத்திலும் இல்லை, அந்த கோடில் மட்டுமே இருக்கின்றன. ஒரே மூச்சில் புதிதாக எழுதுகிறவர்கள் அவற்றைத் தெரிந்துகொள்வது மண்டியில் சண்டை வந்த பிறகுதான்.

அடுக்கு என்றால் என்ன

வலைச்செயலியை மூன்று அடுக்காகப் பிரிப்பது வழக்கம். உலாவியிடமிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் முன்னடுக்கு, கணக்குப் போடும் நடு அடுக்கு, தரவைக் காக்கும் பின்னடுக்கு. இதை மூன்று இயந்திரம் என்று புரிந்துகொள்வதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நடு அடுக்கில் இருக்கும் சர்வர் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே இதன் உயிர்நாடி. அதில் எது இருந்தாலும், அந்த சர்வரை இந்த நிமிடமே அணைத்தால் எதுவும் தொலையக் கூடாது. அப்படி ஆகிவிட்டால் ஒன்றை இரண்டாக்குவதும் இரண்டை ஐந்தாக்குவதும் எளிது. அப்படி ஆகாதவரை எத்தனை இயந்திரம் வாங்கினாலும் அவை ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் அளவெடுப்பது

அப்பாச்சியின் அணுகல் லாகில் (பதிவேட்டில்) ஒவ்வொரு கோரிக்கைக்கும் எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லலாம். குவரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி; மைஎஸ்க்யூஎல்லின் மெதுவான குவரி லாகைத் திறந்துவிட வேண்டும். அது இயல்பாகப் பத்து விநாடிக்கு மேல் எடுப்பதை மட்டும்தான் பதியும், அதை ஒரு விநாடியாகக் குறைக்க வேண்டும். இரண்டு முகூர்த்த நாள்கள் உட்பட இரண்டு வாரம் ஓடவிட்டால் எது வலிக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நாலைந்து குவரிகள்தான் பாதி நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

இவற்றில் அடிக்கடி சிக்கும் ஒன்று: சீட்டின் தேதியும் நேரமும் டேபிளில் (தரவு அட்டவணையில்) ஒரே நெடுவரிசையில் இருக்கும். இன்றைய சீட்டுகளைத் தேடும் குவரி, அந்த நெடுவரிசையை ‘டேட்’ ஃபங்ஷனுக்குள் போட்டு இன்றைய தேதியோடு ஒப்பிடும். நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் போட்டதும் அதன்மேல் இருக்கும் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்றது) பயன்படாமல் போய், மைஎஸ்க்யூஎல் டேபிள் முழுவதையும் படிக்கும். ‘இன்று நள்ளிரவு முதல் நாளை நள்ளிரவுக்கு முன் வரை’ என்று வரம்பாக எழுதினால் இண்டெக்ஸ் வேலை செய்யும். முப்பது கடை, கடைக்கு நாளொன்றுக்கு 400 சீட்டு என்றால் தினம் 12,000. 360 நாளில் 43 லட்சத்து 20 ஆயிரம் பதிவுகள். மைஎஸ்க்யூஎல்லுக்கு இது பெரிய சுமையே இல்லை. டேபிள் பெரிதாகிவிட்டது என்பார்கள். பல இடங்களில் குற்றம் டேபிளில் இல்லை, குவரியில்தான் இருக்கிறது.

டேபிள்கள் இன்னும் மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய சேமிப்பு வகையில் இருந்தால் அவற்றை இன்னோடிபிக்கு மாற்றுவதும் இந்தக் கட்டத்து வேலைதான். மைஐஎஸ்ஏஎம்மில் பூட்டு விழுவது டேபிள் முழுவதற்கும்; ஒருவர் நீண்ட நேரம் படித்துக்கொண்டிருந்தால் எழுத வருகிறவர்கள் காத்திருக்க நேரிடும். ஒரு கடை மாதாந்திரக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தால் மற்ற இருபத்தொன்பது கடையும் சீட்டுப் போட முடியாமல் நிற்பது இதனால்தான்.

அதற்கு முன் ஒன்று இருக்கிறது, அதில் சமரசமே கூடாது. பேக்கப் எடுப்பது போதாது, அதை வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய மொத்தத் தொகை சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) எதுவும் இல்லையென்றால், சர்வரில் ஓடுகிற கோப்புகளை அப்படியே எடுத்து கிட்டில் வைப்பதே முதல் பதிவு. கையில் இருக்கும் பிரதியை நம்ப முடியாது, நடுராத்திரியில் நேராக சர்வரிலேயே திருத்திய வரிகள் அதில் இருக்காது.

பனையைச் சுற்றும் ஆல்

மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பனையைக் கட்டிப் பிடித்து வளர்ந்த ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட விதை பனையின் மட்டையிடுக்கில் முளைக்கும். பனை நிற்கும்போதே ஆல் தன் வேரைத் தரைக்கு இறக்கும். கடைசியில் ஆல் மட்டும் நிற்கும். மென்பொருள் உலகில் மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் இதே வகை அத்திமரத்தின் பெயரில் ஒரு முறையை எழுதினார். பழைய செயலிக்கு முன்னால் ஒரு வாசலை வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புதியதற்குத் திருப்பிவிடுவது. இன்று பழைய செயலியைப் பிரிக்கிற பலரும் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் செய்கிறார்கள்.

அந்த வாசல் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி. முதல் நாள் அது ஒன்றுமே செய்யாது. வருவதையெல்லாம் பழைய சர்வருக்கே அனுப்பும். தளத்தின் பெயர் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே, மற்ற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் ஆயுளை 300 விநாடிக்கு இறக்கி வைத்தால், தகராறு வந்தாலும் பெரும்பாலோரை ஐந்து நிமிடத்தில் பழைய வழிக்குத் திருப்பிவிடலாம். மாற்றும் நேரம் மண்டி ஓய்ந்த பகல் பொழுதாக இருக்க வேண்டும். ஐடி ஆட்களுக்கு நள்ளிரவு வசதி, பூ மார்க்கெட்டுக்கு அது வேலை நேரத்தின் தொடக்கம்.

ஒன்றுமே செய்யாத அந்த வாசலே நான்கு தொல்லைகளைக் கொண்டுவரும். என்ஜின்எக்ஸ் தானாக 1 எம்பிக்கு மேல் பதிவேற்றத்தை அனுமதிக்காது. செல்போனில் எடுத்த வங்கிப் பாஸ்புத்தகப் படத்தை ஏற்றினால் ‘அளவு பெரிது’ என்று சொல்லும் 413 பிழையோடு திருப்பி அனுப்பும். பின்னால் இருக்கும் சர்வர் 60 விநாடி மௌனமாக இருந்தால் தொடர்பை அறுத்துவிடும். மூன்று நிமிடம் ஓடும் வருடாந்திரக் கணக்கு அன்றோடு நிற்கும். பழைய செயலிக்கு எல்லாரும் ஒரே ஐபியிலிருந்து (ப்ராக்ஸியின் இணைய முகவரியிலிருந்து) வருவதுபோலத் தெரியும். ‘ஐந்து முறை தப்பான கடவுச்சொல் போட்டால் அந்த ஐபியைத் தடு’ என்ற விதி இருந்தால் ஒரு கடைக்காரரின் தவறுக்கு முப்பது கடையும் வெளியே நிற்கும். நான்காவது, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு. ப்ராக்ஸி அதை அவிழ்த்து உள்ளே சாதாரண எச்டிடிபியாக அனுப்புகிறது. பழைய கோடு ‘இது பாதுகாப்பானது இல்லை’ என்று எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடுகிறது. அது மீண்டும் ப்ராக்ஸிக்கே வந்து முடிவில்லாமல் சுற்றுகிறது. உண்மையான ஐபியையும், வந்தது எச்டிடிபிஎஸ்ஸா என்பதையும் கோரிக்கையோடு போகும் தனி ஹெடர் வரிகளில் அனுப்பி, ப்ராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டும் அவற்றை நம்பும்படி பழைய கோடில் இரண்டு வரி சேர்த்தால் கடைசி இரண்டும் தீரும்.

டேட்டாபேஸ் தனி வீட்டுக்குப் போவது

அடுத்து மைஎஸ்க்யூஎல்லைத் தனி இயந்திரத்துக்கு நகர்த்துவது. ரேம் போட்டி இதோடு முடிகிறது. ஆனால் இதுவரை ஒரே இயந்திரத்துக்குள் நடந்த பேச்சு இப்போது நெட்வொர்க் வழியாக நடக்கும். ஒரே தரவு மையத்துக்குள்ளேயே போய்வர அரை மில்லிவிநாடி கூடும் என்று வைத்தாலும், நாளறிக்கைப் பக்கம் ஒவ்வொரு சீட்டுக்கும் விவசாயி பெயரைத் தனித்தனியாகக் கேட்டால் 400 குவரிக்கு 0.2 விநாடி கூடுதல். இரண்டு டேபிளையும் சேர்த்துக் கேட்கும் ஒரே ஜாயின் குவரியாக எழுதினால் அந்தப் பிரச்சினை போய்விடும். இரண்டு சர்வரும் ஒரே மையத்தில், தனிப்பட்ட நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் வாசலான 3306 போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது.

நேரம் பற்றிய தவறு மற்ற தொழில்களைவிடப் பூ மண்டியை அதிகமாகக் கடிக்கும். வாடகை சர்வர்கள் பொதுவாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதிகாலை 4:10-க்குப் போட்ட சீட்டு யுடிசியில் முந்தைய நாள் இரவு 10:40. அதாவது காலை 5:30-க்கு முன் நடந்த வியாபாரம் முழுக்க நேற்றைய கணக்கில் விழும். பத்து மணிக்குத் திறக்கும் ஜவுளிக் கடையில் இந்தப் பிழை மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். மண்டியில் முதல் நாளே பணப்பெட்டியும் கணக்கும் ஒத்துப்போகாது. மைஎஸ்க்யூஎல்லில் ‘டைம்ஸ்டாம்ப்’ நெடுவரிசை இணைப்பின் நேர மண்டலத்துக்கு ஏற்ப மாற்றிக் காட்டும், ‘டேட்டைம்’ நெடுவரிசை எழுதியதை அப்படியே வைத்திருக்கும். ஒரே செயலியில் இரண்டும் கலந்திருந்தால் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் தெரிந்து குழப்பும். அதனால் புதிய இயந்திரத்தையும் முதலில் இந்திய நேரத்துக்கே வைத்துவிடுங்கள். யுடிசிக்கு மாறும் ஆசை இருந்தால் அதைத் தனி வேலையாகப் பிறகு செய்யலாம். இயந்திரம் மாறும் நாளில் வேறு எதையும் மாற்றக் கூடாது.

தமிழ் எழுத்துக்கும் இதே கதிதான். பழைய டேபிள்கள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று பதிந்திருக்கும், உள்ளே இருப்பதோ யுனிகோட் தமிழ். நேரடியாக யுனிகோடுக்கான யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றச் சொன்னால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து மறுபடி மாற்றி, பெயர்களைக் குப்பையாக்கிவிடும். நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுபோனால் பைட்டுகள் தொடப்படாமல் வந்து சேரும். இன்னும் பழைய பதிவுகள், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்த பாமினி எழுத்துருவில் இருந்தால் ‘முருகன்’ என்ற பெயர் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக டேபிளில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய பெயரையும் பாமினியில் எழுதியதையும் எந்த நிரலும் நூற்றுக்கு நூறு பிரித்துச் சொல்லாது. பழைய நெடுவரிசையை அழிக்காமல், பக்கத்தில் புதிய நெடுவரிசை வைத்து மாற்றி, சந்தேகமானதைக் கடைக்காரரிடமே காட்டித் திருத்துவதுதான் வழி.

நடு அடுக்கைக் காலி செய்வது

இப்போது முக்கியமான வேலை. பிஎச்பி தன் செஷனை (உள்ளே நுழைந்திருப்பவர் யார் என்ற குறிப்பை) அதே சர்வரின் டிஸ்க்கில் கோப்பாக வைக்கிறது. இரண்டாவது சர்வரைச் சேர்த்ததும், முதல் சர்வரில் உள்ளே நுழைந்தவர் இரண்டாவதற்குப் போனால் மறுபடி கடவுச்சொல் கேட்கும். ஒருவரை ஒரே சர்வருக்கே அனுப்பும்படி, கோரிக்கைகளைப் பங்கிடும் லோட் பேலன்சரில் ஒட்டிவிடலாம். ஆனால் அந்த சர்வர் விழுந்தால் அதில் ஒட்டியிருந்த எல்லாரும் வெளியே போவார்கள், சுமையும் சமமாகப் பிரியாது. செஷனை எல்லா சர்வருக்கும் பொதுவான ரெடிஸ் என்ற நினைவகக் கிடங்குக்கு மாற்றுவதே சரி. அதிலும் ஒரு பொறி உண்டு. கோப்பு முறையில் ஒரே ஆளின் இரண்டு கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும், பிஎச்பி பூட்டுப் போடுகிறது. பிஎச்பியின் ரெடிஸ் நீட்சியில் அந்தப் பூட்டு இயல்பாக அணைந்திருக்கும். ‘சீட்டுப் போடு’ பொத்தானை அவசரத்தில் இரண்டு முறை தட்டினால், பழைய சர்வரில் தப்பித்த கோடு இங்கே ஒரே மூட்டைக்கு இரண்டு சீட்டுப் போடும். பூட்டை இயக்கலாம். அதைவிட, ஒவ்வொரு படிவத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸே மறுக்கும்படி தனித்துவ இண்டெக்ஸ் போடுவது உறுதியானது.

பிடிஎஃப்களும் படங்களும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற பொதுக் கோப்புக் கிடங்குக்குப் போகட்டும். கிரான் வேலை ஒரே ஒரு இயந்திரத்தில் மட்டும் ஓட வேண்டும். சர்வரை அப்படியே நகல் எடுத்து இரண்டாவதை உண்டாக்கியவர்கள் மறப்பது இதைத்தான். இரவுக் கணக்கு இருமுறை ஓடி, விவசாயியின் முன்பணம் இருமுறை பிடிக்கப்படும்.

இரண்டு சர்வரிலும் ஆளுக்கு நூறு ஒர்க்கர் வைத்தால் டேட்டாபேஸுக்கு 200 இணைப்பு தேவை. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான உச்சவரம்பு 151. அமைதியான நாளில் எல்லாம் நன்றாக ஓடும், முகூர்த்தத்தன்று ‘இணைப்புகள் மிக அதிகம்’ என்று மறுக்கும். ஒர்க்கர் எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்து இரண்டு பக்கமும் ஒன்றாகத் திருத்த வேண்டும்.

எஸ்எம்எஸ் அனுப்புவதையும் இங்கேயே பிரித்துவிடலாம். 50 ஒர்க்கர், கோரிக்கைக்கு 0.2 விநாடி என்றால் விநாடிக்கு 250 கோரிக்கை தாங்கும். சீட்டுப் போடும்போதே எஸ்எம்எஸ் அனுப்பி, அந்த நிறுவனத்தின் சர்வர் பதில் சொல்ல 5 விநாடி எடுத்தால், அதே 50 ஒர்க்கர் விநாடிக்குப் பத்துக் கோரிக்கைதான் தாங்கும். நம் சர்வரில் ஒரு குறையும் இல்லாமலே மண்டி நிற்கும். அனுப்ப வேண்டியதை ஒரு காத்திருப்பு வரிசையில் போட்டுவிட்டுச் சீட்டை உடனே கொடுத்துவிட வேண்டும். பின்னால் ஒரு ஒர்க்கர் அதை எடுத்து அனுப்பட்டும். வரிசையில் ஒரே செய்தி இரண்டு முறை வருவது சகஜம். சீட்டு எண்ணை வைத்து ‘இது போய்விட்டதா’ என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

எதை முதலில் புதிதாக எழுதுவது

விலைப் பலகையை. அடிக்கடி படிக்கப்படுவது, அரிதாக எழுதப்படுவது, தப்பினாலும் பணம் போகாதது. ப்ராக்ஸியில் அந்த ஒரு முகவரியை மட்டும் புதிய சேவைக்குத் திருப்பி, பத்து விநாடி கேச் வைத்தால் (ஒருமுறை வாங்கிய விடையையே எல்லாருக்கும் காட்டினால்) ஆயிரம் பேர் பார்த்தாலும் டேட்டாபேஸுக்குப் பத்து விநாடிக்கு ஒரு குவரிதான். அடுத்து அறிக்கைகள்: அவற்றை டேட்டாபேஸின் நகல் சர்வரிலிருந்து படிக்கலாம். நகல் சில விநாடி பின்தங்கும் என்பதால், இப்போது போட்ட சீட்டை உடனே காட்டும் பக்கம் மூலத்திலிருந்தே படிக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டுப் பதியவில்லை என்று நினைத்து மறுபடி போடுவார்கள்.

சீட்டுப் போடும் பகுதி கடைசியில்தான் வரும். அதைத் திருப்புவதற்கு முன் ஒரு மாதமாவது பழையதும் புதியதும் ஒரே சீட்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் கணக்குப் போட வேண்டும். விவசாயிக்குப் போவது பழையதன் விடை. புதியதன் விடை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். 3.750 கிலோ, கிலோ 1,340 ரூபாய் என்றால் தொகை 5,025. கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்தால் 502.50. பழைய டேபிளில் அது ஃப்ளோட் (தோராயமான தசம எண்) நெடுவரிசையில் இருக்கிறது, முழு ரூபாயாக்கும் வேலையை மைஎஸ்க்யூஎல் செய்கிறது. ஃப்ளோட் எண்ணில் சரிபாதி வந்தால் பெரும்பாலான கணினிகளில் அது இரட்டைப்படை எண் பக்கம் சாயும், 502 ஆகும். டெசிமல் (துல்லியமான தசம எண்) நெடுவரிசையில் அதே ஃபங்ஷன் 503 தரும், பிஎச்பியும் 503 தரும். ஒரு ரூபாய்தான். ஆனால் பணம் விவசாயியினுடையது, வித்தியாசம் தினமும் வரும், கேட்கிறவருக்குப் பதில் சொல்ல முடியாது. பணம் இருக்கும் நெடுவரிசைகள் டெசிமலாக மாறியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதைக் கடைக்காரர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அது நிரலர் முடிவுசெய்யும் விஷயமல்ல.

அப்படி ஒரு நெடுவரிசையை மாற்றுவதும் படிப்படியாகத்தான். முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, இரண்டிலும் எழுதுவது, பழைய பதிவுகளை ஆயிரம் ஆயிரமாக நிரப்புவது, படிப்பதைப் புதியதற்கு மாற்றுவது, நெடுநாள் கழித்துப் பழையதை நீக்குவது. பழையதை நீக்கும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அடி பின்னால் போக முடியும். எந்த நேரத்திலும் ஒரு டேபிளில் எழுதும் உரிமை ஒரே சேவைக்கு மட்டும் இருக்கட்டும். புதியதும் பழையதும் முன்பண டேபிளில் தனித்தனியாக எழுத ஆரம்பித்தால், யார் தப்பு என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும்.

இந்த அளவுச் செயலிக்கு மைக்ரோசர்வீஸ் (பல சிறு சேவைகளாக உடைப்பது), டேட்டாபேஸைப் பல துண்டாக்குவது எல்லாம் வேண்டாம். மூன்று அடுக்கு, இரண்டு செயலி சர்வர், ஒரு டேட்டாபேஸ், அதற்கு ஒரு நகல், ஒரு காத்திருப்பு வரிசை. முப்பது கடை முன்னூறு ஆனாலும் இதே அமைப்பில் நடு அடுக்கில் சர்வரைக் கூட்டி, டேட்டாபேஸ் இயந்திரத்தைப் பெரிதாக்கினால் வெகுதூரம் போகலாம்.

பழைய சர்வரை எப்போது அணைப்பது? அணுகல் லாகில் அதற்கு ஒரு மாதம் எதுவும் வரவில்லை என்பதை நம்பி அணைத்துவிடக் கூடாது. வருடக் கணக்கு முடிக்கும் பக்கத்தை யாராவது திறப்பது மார்ச் 31-க்குப் பிறகு, ஏப்ரலில்தான். அந்த ஏப்ரல் ஒன்றைப் பழைய சர்வரும் உயிரோடு இருந்து பார்த்துவிடட்டும். அப்போதும் அதன் கதவை யாரும் தட்டவில்லையென்றால் கடைசி பேக்கப்பை ஏற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தலாம்.